அமுக்கரா

நாலரைக்கு அலாரம்.
சஸ்கட்டூன் இன்னும் விடியவில்லை.
தெருவிளக்கின் கீழ் மட்டும்
யாரோ அவசரமில்லாமல் மாவு சலிக்கிறார்கள்.
பள்ளிப் பேருந்தின் வயிற்றிலிருந்து ஒரு வயர்
ராத்திரி முழுக்கச் சுவரில் சொருகியிருந்தது,
என்ஜின் உறையாமலிருக்க.
ஓட்டுகிறவளுக்கு அப்படியொரு வயர்
எந்தக் கம்பெனியும் வைக்கவில்லை.

அதனால்தான் வாங்கினேன்.
ஒன்று வாங்கினால் இன்னொன்று பாதி விலை.
மன அழுத்தம் தணியும், தெம்பு கூடும் என்று
பச்சை எழுத்தில் போட்டிருந்தது.
டப்பாவின் மேல் ஒரு சமஸ்கிருதப் பெயர்
ஆங்கிலத்தில் கைகால் முறுக்கி நின்றது.
வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால்,
அட, நீயா?
அமுக்கராக் கிழங்கு.

எதை அமுக்குவாய், சொல்.
அடமான வட்டி ஏறுகிறது என்று வந்த கடிதத்தை
மைக்ரோவேவின் மேல், ரொட்டிப் பாக்கெட்டுக்குக் கீழே
நானே அமுக்கிவிட்டேன்.
பின் இருக்கையில் அடிதடி என்றால்
கண்ணாடியை ஒருமுறை பார்த்துக் குரலை அமுக்குவேன்.
போன நவம்பரில்
கண்ணுக்குத் தெரியாத பனித்தகட்டில்
பதினேழு பிள்ளைகளோடு வண்டி வழுக்கி
பள்ளத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றதை
நாலு வரி அறிக்கையாக எழுதிக் கொடுத்தேன்.
'யாருக்கும் காயம் இல்லை.'
தினமும் இரவு இரண்டு மணிக்கு
மனசு எழுந்து உட்கார்ந்து
அந்தக் கடைசி வரியைத்தான் வாசிக்கிறது.

முதல் வாரம் ஒன்றுமில்லை.
ஒரு குளிகையைப் பிளந்து முகர்ந்தேன்.
குதிரை வாடை அடிக்குமாம் இந்த வேர்.
எனக்கோ அது எங்கேயோ தெரிந்த வாடை.
மறுநாள் மாலை, வண்டி காலியானபோது பிடிபட்டது:
கடைசியாக இறங்கும் கோல்ட்டனின் மேல்கோட்டு.
ஒன்பது வயசு.
பண்ணையில் இரண்டு குதிரைகள்,
தீனி போட்டுவிட்டுத்தான் பள்ளிக்கு வருவான்.

"இனிமேல் குதிரை மாதிரி ஓடுவாயாக்கும்" என்றார் இளம்பரிதி.
ஓடத்தான் ஓடுகிறேனே.
நிற்க ஒரு லாயம் இருந்தால் சொல்லுங்கள்.

மூன்றாம் வாரம் தூக்கம் வந்தது,
ஈரச் சாக்கு மாதிரிக் கனமாக.
வேர்தான் காரணமோ,
இல்லை, வேரை விழுங்கப் பால் காய்ச்சி
அது ஆறும்வரை இருட்டுச் சமையலறையில்
போனைத் தொடாமல் உட்கார்ந்திருந்த
பத்து நிமிஷமோ,
யார் கண்டது.

தைராய்டு மாத்திரை வாங்கப் போன இடத்தில்
மருந்தாளர் ஓலேனா கேட்டாள்:
வேறு ஏதாவது சாப்பிடுகிறாயா?
ஒன்றுமில்லை, ஒரு வேர் என்றேன்.
மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த அவள் கை நின்றது.
படபடப்பு உண்டா?
உண்டு. காபி என்று நினைத்தேன்.
டாக்டரிடம் சொன்னாயா?
சொல்லவில்லை.
அதையும் அமுக்கித்தான் வைத்திருந்தேன்.

ரத்தத்தில் எண்கள் எல்லை தாண்டியிருந்தன.
நிறுத்து என்றார்கள், நிறுத்தினேன்.
மீதி நாற்பத்தொரு குளிகைகள்.
எறிய மனசில்லை, காசு கொடுத்ததல்லவா.
கடிதத்தின் மேல் வைத்திருக்கிறேன்,
பறக்காமல் இருக்கட்டும்.

பால் மட்டும் நிற்கவில்லை.
நேற்று அந்த நாலு வரியை
இளம்பரிதியிடம் முழுசாகச் சொல்ல ஆரம்பித்தேன்:
ஸ்டியரிங் கைக்குள் செத்துப்போனது,
யாரோ ஒரு பிள்ளை சிரித்தது,
நான் அம்மா என்று கத்தியது.
பாதியில் அவர் தூங்கிவிட்டார்.
மீதியைப் பாலிடம் சொன்னேன்.

இன்று மைனஸ் இருபத்தொன்பது.
வயரைப் பிடுங்குகிறேன்.
இருமி, முரண்டு பிடித்து,
மூன்றாம் தடவை என்ஜின் உயிர்பிடிக்கிறது.
ஊர் முடிந்து வயல் வெள்ளை தொடங்கும் முதல் நிறுத்தத்தில்
கதவைத் திறக்கிறேன்.
குளிர் ஏறுகிறது,
பிறகு குதிரை,
பிறகு கோல்ட்டன்.